மேக்ரோ லென்ஸ்: நெருங்கிப் பார்ப்பதன் விலை

மேக்ரோ லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்பதைத்தான். பெரும்பாலான மேக்ரோ லென்ஸ்கள் எதையும் பெரிதாக்குவதே இல்லை என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். உண்மை அதுதான். லென்ஸின் மேல் 1:1 என்று பொறித்திருந்தால், பொருள் எந்த அளவோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லின்) மேல் விழும் என்று அர்த்தம். 10 மி.மீ. நீளமுள்ள வண்டு சென்சாரிலும் 10 மி.மீ. இடத்தைத்தான் பிடிக்கும். முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. ஆக, ஒரு தபால்தலை அளவுள்ள பரப்பு படம் முழுவதையும் நிறைத்துவிடும். நாம் வியக்கும் பிரம்மாண்டமெல்லாம் அதற்குப் பிறகு, கணினித் திரையிலும் அச்சுத் தாளிலும் நிகழ்வது.

இது சாதாரண சாதனை அல்ல. வழக்கமான 50 மி.மீ. லென்ஸ் தன்னால் முடிந்த மட்டும் நெருங்கினாலும், அதே வண்டைச் சென்சாரில் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. நீளத்தில்தான் காட்டும். 'மேக்ரோ' என்று பெயர் தாங்கிய பல ஜூம் லென்ஸ்கள் 1:3 அல்லது 1:4 வரைதான் போகும். பூவுக்கு அது போதும். பூவின் மேல் ஊரும் எறும்புக்குப் போதாது.

ஆக, மேக்ரோ லென்ஸ் நமக்கு விற்பது பெருக்கத்தை அல்ல, நெருக்கத்தை. பக்கத்தில் போக அனுமதிக்கிறது, போன பிறகும் தெளிவு கெடாமல் காக்கிறது. அந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. பொருளை அண்ட அண்ட வெளிச்சம் குறைகிறது, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்குகிறது, கையின் நடுக்கம் பேயாக வளர்கிறது. போதாக்குறைக்கு, லென்ஸின் முகம் மகரந்தத்துக்கும் ஈர இலைக்கும் மணலுக்கும் நடுவே போய் நிற்கிறது. இந்த லென்ஸைப் பயன்படுத்துவதில் உள்ள சிரமமும் பராமரிப்பதில் உள்ள சிரமமும் ஒரே மூலத்திலிருந்து வருபவை என்பது என் கருத்து.

இந்த வகை லென்ஸ்களின் ஆரம்பம் பூச்சிகளோடு மட்டும் தொடர்புடையது அல்ல. 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுப்பவை) முதல் மேக்ரோ லென்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் மக்ரோ-கிலார் 1955இல் வந்தது. ஹைன்ஸ் கில்ஃபிட் என்பவரின் நிறுவனம் தயாரித்தது. அடுத்த ஆண்டே நிக்கான் நிறுவனம் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோரைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் ஆவணங்களை மிகச் சிறிதாக்கி மைக்ரோஃபிலிமில் படியெடுப்பது. கோடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் ஜப்பானிய எழுத்துகள், சாதாரண லென்ஸில் எடுத்தால் மசமசவென்று ஒட்டிக்கொண்டன. தட்டையான தாளின் நான்கு மூலைகளும் நடுப்பகுதியைப் போலவே கூர்மையாக வர வேண்டும் என்பதுதான் அப்போதைய தேவை. இன்றைய மேக்ரோ லென்ஸ்களும் அந்தக் குணத்தைச் சுமக்கின்றன. தூரத்து மலைக்காக வடிவமைத்த லென்ஸை, அதற்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய் மாட்டி அருகே இழுத்துவந்தால் ஓரங்கள் குழையும். மேக்ரோ லென்ஸின் கண்ணாடிகள் அருகாமைக்காகவே கணக்கிடப்பட்டவை.

வெளிச்சம் எங்கே போகிறது

தொலைவில் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் சென்சாரிலிருந்து தன் குவியத் தூரத்துக்கு (50 மி.மீ., 100 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் அளவுக்கு) சமமான தொலைவில் நிற்கிறது. 1:1 நிலைக்கு வர வேண்டுமானால் அந்தத் தொலைவு இரட்டிப்பாக வேண்டும். தொலைவு இரட்டிப்பானால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது, சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் கால் பங்குதான் சேர்கிறது. இரண்டு ஸ்டாப் இழப்பு; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. நீங்கள் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப் 8 என்று வைத்திருப்பீர்கள் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்); ஒளியைப் பொறுத்தவரை அது எஃப் 16 போல நடந்துகொள்ளும். கணக்கு எளிது: வைத்த எண்ணை, உருப்பெருக்கத்தோடு (1:1 என்றால் 1) ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும். சில கேமராக்கள் இந்த உண்மை எண்ணையே திரையில் காட்டும். எஃப் 2.8 லென்ஸ் வாங்கினோம், பக்கத்தில் போனால் ஏன் 2.8 கிடைக்கவில்லை என்று சிலர் பதறுவது அதனால்தான். காட்டாத கேமராக்களிலும் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. கேமராவின் ஒளி அளவி அதைச் சேர்த்தே கணக்கிடுவதால் பலரும் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு குறுக்குத் தகவல். பழைய மேக்ரோ லென்ஸ்கள் நெருங்க நெருங்க முன்னால் நீண்டுகொண்டே போகும். இன்றைய பல லென்ஸ்கள் நீளாமல், உள்ளேயே கண்ணாடித் தொகுதிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்கின்றன. அப்படிச் செய்யும்போது குவியத் தூரமே குறைந்துவிடுகிறது. 1:1 நிலையில் பொருளுக்கும் சென்சாருக்கும் இடையே குவியத் தூரத்தைப் போல நான்கு மடங்கு இடைவெளி வேண்டும் என்பது எளிய கண்ணாடி ஒன்றுக்கான விதி. 100 மி.மீ. லென்ஸுக்கு 40 செ.மீ. வர வேண்டும். ஆனால் அந்த லென்ஸ்கள் 30 செ.மீ. தொலைவிலேயே 1:1ஐத் தொட்டுவிடும். அந்த இடத்தில் அது தோராயமாக 75 மி.மீ. லென்ஸாக மாறியிருக்கிறது என்று பொருள். ஏமாற்று ஒன்றும் இல்லை. நீளாத உடலுக்கும் வேகமான ஆட்டோஃபோகஸுக்கும் கொடுத்த ஈடு அது.

அந்த 30 செ.மீ. என்ற எண்ணையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம், சென்சார் இருக்கும் தளத்திலிருந்து அளந்தது. கேமராவின் மேற்புறத்தில் வட்டத்தைக் கோடு ஒன்று வெட்டிச் செல்லும் சிறு குறி இருக்கிறதே, அளவு அங்கிருந்து தொடங்குகிறது. கேமராவும் லென்ஸும் அடைத்துக்கொண்ட இடம் போக, லென்ஸ் முகத்துக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவதுதான் நமக்கு முக்கியம். 60 மி.மீ. மேக்ரோவில் அது ஏறத்தாழ 9 செ.மீ., 100 மி.மீ. மேக்ரோவில் 14 செ.மீ. பக்கம், 180 மி.மீ. மேக்ரோவில் 24 செ.மீ. அளவு. நாணயமும் நகையும் எடுப்பவருக்கு 60 தாராளம். தட்டானை எடுப்பவருக்கு ஒவ்வொரு செ.மீ.யும் வரம். நீளமான லென்ஸ் இன்னொன்றும் செய்யும்: அதன் பார்வைக் கோணம் குறுகலானது என்பதால் பின்னணியில் சிறு துண்டுதான் உள்ளே வரும், அதனால் பின்னணி அமைதியாக இருக்கும். ஆனால் அதிக ஆழமோ குறைந்த ஆழமோ தரும் என்று நம்புவது தவறு. ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே அப்பர்ச்சரில், 60 ஆனாலும் 180 ஆனாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு மில்லிமீட்டருக்குள் வாழ்தல்

அந்த ஆழம் எவ்வளவு? முழுச்சட்டக் கேமராவில், 1:1 நிலையில், எஃப் 8 வைத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 1 மி.மீ. எஃப் 16 வைத்தால் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டு மடங்கு பெருக்கத்துக்குப் போனால் எஃப் 8இல் 0.4 மி.மீ. கூடத் தேறாது. ஈயின் ஒரு கண் தெளிவாக இருக்கும்போது மறு கண் மங்கிப்போவது இதனால்தான்.

உடனே தோன்றும் வழி, அப்பர்ச்சரை எஃப் 22, எஃப் 32 என்று இறுக்குவது. தொடங்குபவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். துளை சிறுக்கச் சிறுக்க ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுகிறது. இயற்பியல் பாடத்தில் படித்த விளிம்பு விளைவு. 1:1இல் எஃப் 16 என்றால் நடைமுறையில் எஃப் 32. அந்த நிலையில் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரின் மேல் சுமார் 0.04 மி.மீ. அகல வட்டமாக விரிகிறது. இன்றைய சென்சாரின் ஒரு பிக்சல் 0.004 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளியின் ஒளி பத்துப் பிக்சல் அகலத்துக்குச் சிதறுகிறது. ஆழம் கூடும், ஆனால் எங்குமே கூர்மை இருக்காது. முன்பு ஒரு மில்லிமீட்டராவது துல்லியமாக இருந்தது. இப்போது இரண்டு மில்லிமீட்டரும் சுமாராக இருக்கிறது. 1:1இல் எஃப் 8 முதல் எஃப் 11 வரை நிற்பது நல்லது என்பேன். இரண்டு மடங்குக்குப் போகும்போது எஃப் 5.6 பக்கம் இறங்கிவிடலாம். சிறிய அளவில் திரையில் மட்டும் பார்க்கப்போகும் படம் என்றால் எஃப் 16 வைத்தாலும் யாரும் குறை காண மாட்டார்கள்.

அப்பர்ச்சரைவிடப் பெரிய உதவி, கேமராவைப் பிடிக்கும் கோணம். தெளிவாகத் தெரியும் பகுதி ஒரு மெல்லிய தகடு, அது சென்சாருக்கு இணையாக நிற்கிறது. வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் சென்று, சிறகும் சென்சாரும் இணையாக வரும்படி நின்றால், எஃப் 8இலேயே சிறகின் செதில்கள் முழுவதும் துலங்கும். அரை அடி சாய்ந்து நின்றால் எஃப் 22 வைத்தாலும் பாதிச் சிறகு புகைமூட்டம். இந்தத் தகடு எதைத் தொட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதில்தான் மேக்ரோ எடுப்பவரின் ரசனை இருக்கிறது. முகம் நேரே பார்க்கும் படமென்றால் கண்கள் தகட்டுக்குள் வந்துவிட வேண்டும். மற்றவை கரைந்துபோனால் போகட்டும்.

முழு ஆழமும் வேண்டும் என்பவர்களுக்கு அடுக்குமுறை இருக்கிறது. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து, முப்பது, நூறு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் மென்பொருளில் சேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், சீரீன் ஸ்டேக்கர் போன்றவை இதற்கென்றே இருப்பவை. ஃபோகஸை நகர்த்திச் சுடும் வேலையைப் பல கேமராக்கள் தாமே செய்கின்றன. ஒரு படத்தின் தெளிவு முடியும் இடத்துக்கு முன்பே அடுத்த படத்தின் தெளிவு தொடங்கிவிட வேண்டும். இல்லையென்றால் இறுதிப் படத்தில் மங்கலான வரிகள் பட்டை பட்டையாகத் தெரியும். அசையாத பொருளுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. காற்றில் ஆடும் இலைமேல் உட்கார்ந்து உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு இது வீண் முயற்சி. அடுக்குமுறை எல்லாப் படங்களிலும் நுழைந்துவிட்டதால், முன்னும் பின்னும் ஒரே சீராகத் துலங்கும் அந்தப் படங்களில் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் தவிக்கிறது என்ற சலிப்பும் எனக்கு உண்டு.

ஆட்டோஃபோகஸ் இந்தத் தூரத்தில் அடிக்கடி தடுமாறும். தொலைவிலிருந்து அருகாமை வரை முழு நீளமும் ஓடி, எதையும் பிடிக்காமல் திரும்பி வரும்; அதற்குள் பூச்சி பறந்திருக்கும். பல மேக்ரோ லென்ஸ்களின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் ஒரு விசை இருக்கிறது. அதை அருகாமைக்குத் தள்ளிவிட்டால் பாதி அலைச்சல் குறையும். இன்னும் நம்பகமான வழி, ஃபோகஸ் வளையத்தைக் கையால் வேண்டிய பெருக்கத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்ப்பது. கண் தெளிவாகும் நொடியில் அழுத்த வேண்டும். தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுத்தால் ஒன்று நிச்சயம் அமையும்.

நடுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைவுக் காட்சிகளில் கேமரா சாய்வதுதான் படத்தைக் கலைக்கும்; பக்கவாட்டில் அரை மி.மீ. நகர்ந்தாலும் மலைக்கு ஒன்றும் ஆகாது. 1:1இல் நிலைமை வேறு. கேமரா 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பிம்பமும் அதே 0.1 மி.மீ. நகரும், ஏறக்குறைய 25 பிக்சல். சாய்வை மட்டும் ஈடுசெய்யும் அதிர்வுத் தடுப்பு மேக்ரோவில் பாதிப் பயன்தான் தரும். 2009இல் வந்த கேனான் 100 மி.மீ. மேக்ரோ, சாய்வோடு இந்தப் பக்கவாட்டு நகர்வையும் சேர்த்து ஈடுசெய்ய முயன்றது. ஆனால் முன்னும் பின்னுமான ஆட்டத்தை எந்தத் தடுப்பும் தடுக்காது. அந்த ஒரு மி.மீ. தகட்டை விட்டு நாம் விலகிவிடுவது அந்த ஆட்டத்தால்தான்.

அதனால்தான் மேக்ரோ எடுப்பவர்கள் ஃபிளாஷில் வந்து நிற்கிறார்கள். குறைந்த சக்தியில் சுடும்போது சிறிய ஃபிளாஷின் ஒளி ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் படத்தை உருவாக்குவது அந்த மின்னல்வெட்டுதான். கை நடுக்கம், காற்று, பூச்சியின் அசைவு மூன்றும் உறைந்துவிடுகின்றன. அப்பர்ச்சரால் இழந்த ஒளியும் திரும்பக் கிடைக்கிறது. நேரடி ஃபிளாஷ் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். வெளிச்சத்தைப் பரப்பும் மெல்லிய வெள்ளைத் தாளோ பிளாஸ்டிக்கோ நடுவில் வேண்டும், அது பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மை. பின்னணி கரிய இருட்டாக வருவது பிடிக்கவில்லையென்றால் பூச்சிக்குப் பின்னால் பக்கத்திலேயே ஒரு இலை இருக்கும்படி கோணத்தை மாற்றலாம்.

பூச்சி பிடிக்காதவர்களுக்கும் இந்த லென்ஸில் வேலை உண்டு. பழைய ஃபிலிம் நெகட்டிவ்களைக் கணினிக்கு மாற்ற முழுச்சட்டக் கேமராவும் 1:1 மேக்ரோவும் இருந்தால் போதும். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டமும் 36க்கு 24தான், அளவு அப்படியே பொருந்துகிறது. கேமராவும் ஃபிலிமும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் படத்தின் சரியான நடுவில் வரும்வரை சரிசெய்தால் போதும். குமிழ்மட்டத்தைவிட இது நம்பகமானது.

தூசியும் பூஞ்சையும்

இனி பராமரிப்பு. மற்ற லென்ஸ்கள் தூரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கின்றன. மேக்ரோ லென்ஸ் அதில் முகத்தைப் புதைக்கிறது. மகரந்தம் ஒட்டும், இலைச்சாறு தெறிக்கும், சிலந்தி இழை சிக்கும். சில பூச்சிகள் தற்காப்புக்காகத் திரவத்தைப் பீய்ச்சும். கடற்கரையில் நண்டை எடுத்தால் உப்புநீர்த் திவலையும் மணலும் சேரும்.

இவற்றுள் மிக ஆபத்தானது மணல்தான். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அது கண்ணாடியைவிடக் கடினமானது. கண்ணாடியின் மேல் உள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சோ ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய தடிமன் கொண்டது. ஓர் அடுக்கு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். துணியால் துடைக்கும்போது அந்தத் துணிக்குக் கீழே ஒரு மணல்துகள் இருந்தால், நாம் சுத்தம் செய்யவில்லை, தேய்த்து மெருகழிக்கிறோம். ஆகவே முதலில் ரப்பர் ஊதியால் ஊத வேண்டும், லென்ஸ் முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி. பிறகு மென்தூரிகை. அதற்கும் போகாத கறைக்கு மட்டும் துணி. துணியில் அல்லது லென்ஸ் தாளில் ஒன்றிரண்டு சொட்டுத் திரவம் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக, அழுத்தாமல். திரவத்தை நேரே கண்ணாடிமேல் விட்டால் அது ஓரத்து இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். அழுத்திய காற்று அடைத்த டப்பாக்கள் வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் குளிர்ந்த திரவம் கண்ணாடியில் தெறிக்கும். அசிட்டோன் பிளாஸ்டிக் பாகங்களைக் கரைத்துவிடும். சட்டை நுனியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

உப்புநீர் பட்டால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. காய்ந்த உப்பு படிகமாகி உலோகத்தை அரிக்கும். லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடலை அன்றே துடைத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

மற்றபடி, லென்ஸை அடிக்கடி துடைப்பவர்களே அதற்குப் பெரிய எதிரிகள். முன் கண்ணாடியில் நாலு தூசி இருந்தால் படத்தில் எதுவும் தெரியாது. துடைத்துத் துடைத்துத் தேய்ந்த பூச்சு, வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுவதும் வெளிறச் செய்யும்.

முன்னால் ஃபில்டர் மாட்டலாமா என்பது தீராத வழக்கு. பல மேக்ரோ லென்ஸ்களில் முன் கண்ணாடி ஏற்கெனவே குழிக்குள் ஆழ்ந்திருக்கும், அந்தக் குழியே பாதுகாப்பு. மலிவான ஃபில்டர் ஃபிளாஷ் ஒளியில் பேய்ப் பிம்பம் காட்டும், பொருளுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியிலும் கொஞ்சத்தைத் தின்னும். காட்டிலும் வயலிலும் மாட்டாமல் எடுப்பதே மேல். கடற்கரையிலும் மணற்காற்றிலும் மாட்டலாம். லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்சத்தடுப்புக் குழலும் (ஹூட்) அப்படியே: தூரக் காட்சிக்கு அவசியம், 1:1இல் பூச்சியின் மேல் நிழல் விழச் செய்து வேலையைக் கெடுக்கும்.

முன்னால் நீளும் வகை லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழுதாக நீண்டிருக்கும்போது முகத்தில் படும் சிறு இடிகூட உள்ளே உள்ள திருகுப் பாதையையும் ஃபோகஸ் பற்சக்கரங்களையும் தாக்கும். மூடியை அழுத்தி மாட்டுவதற்கு முன், பையில் வைப்பதற்கு முன், ஃபோகஸைத் தொலைவுக்குத் திருப்பிக் குழலை உள்ளிழுத்துவிட வேண்டும். நீண்ட குழலின் மேல் ஈரமும் தூசியும் இருந்தால் இழுக்கும்முன் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் உள்ளே போகும். அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸைக் குலுக்கினால் உள்ளே ஏதோ ஆடும் ஓசை கேட்கும். பயப்பட வேண்டாம்; மின்சாரம் இல்லாதபோது அந்தக் கண்ணாடித் தொகுதி தளர்ந்திருப்பது பல லென்ஸ்களில் இயல்பு.

வெயிலில் நிறுத்திய காருக்குள் லென்ஸை விடாதீர்கள். ஃபோகஸ் பாதையில் தடவியுள்ள மசகு இளகி, காலப்போக்கில் அப்பர்ச்சர் இதழ்களில் படியும். எண்ணெய் படிந்த இதழ்கள் மெதுவாக மூடும். எஃப் 8 சொன்னால் எஃப் 8ஐ எட்டும்முன் ஷட்டர் திறந்துவிடும், படம் வெளுத்துப்போகும். அளவி பழுது என்று அதையே நோண்டிக்கொண்டிருப்போம்.

இவ்வளவுக்கும் நடுவே பலர் மறப்பது சென்சார் தூசியை. லென்ஸ் முகத்துத் தூசி தெரியாது என்றேன். சென்சாரின் மேல் உள்ள தூசி தெரியும், துளை சிறுக்கச் சிறுக்க அதன் நிழல் கருமையாகும். இங்கும் அந்தப் பழைய கணக்கு குறுக்கே வருகிறது. 1:1இல் எஃப் 11 என்பது உண்மையில் எஃப் 22 என்பதால், தூசியும் எஃப் 22க்கு உரிய கறுப்போடு வந்து நிற்கும். நிலக்காட்சி எடுக்கும்போது சுத்தமாகத் தெரிந்த கேமரா மேக்ரோவில் திடீரென்று அம்மை போட்டதுபோல் புள்ளிகளைக் காட்டுவது இதனால்தான். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வயல்வெளியில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்ப்பது, மாற்றும்போது கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடிப்பது, வெற்று வானத்தையோ வெள்ளைத் தாளையோ எஃப் 16இல் எடுத்து அவ்வப்போது சோதிப்பது ஆகியவை போதுமான காவல்.

ஆனால் என் கணிப்பில், வெளியே அடிபட்டுச் சாகும் லென்ஸ்களைவிட அலமாரிக்குள் பூத்துச் சாகும் லென்ஸ்களே அதிகம். பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. லென்ஸுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கலாம். அவை முளைக்க வேண்டியது ஈரமும் இருட்டும் அசையாத காற்றும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் முளைக்கத் தொடங்கும். முதலில் கண்ணாடி ஓரத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள். பிறகு அவை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்து, கண்ணாடியிலேயே தடம் பதிக்கும். பூஞ்சையைத் துடைத்தெடுத்த பிறகும் அந்தத் தடம் போகாது. லென்ஸோடு வந்த தோல் பையும் துணிப் பையும் பயணத்துக்கானவை. அவற்றில் போட்டு மாதக்கணக்கில் பூட்டிவைப்பது ஈரத்தை ஊட்டி வளர்ப்பதற்குச் சமம்.

40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்ல இலக்கு. மின்சார உலர்பெட்டி இருந்தால் கவலையே இல்லை. இல்லாதவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே சிறிய ஈரப்பதமானி. மூன்றாவதுதான் முக்கியம், ஏனெனில் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிட்ட சிலிக்கா ஜெல் சும்மா கிடக்கும் கல்லுக்குச் சமம். நிறம் மாறும் வகையை வாங்கி, மாறியதும் அதற்குரிய சூட்டில் உலர்த்தி மறுபடி வைக்கலாம். ஈரமே இல்லாமல் உலர்த்துவதும் வேண்டாம். ரப்பரும் மசகும் அதில் கெடலாம். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

பனி காலையில் பூச்சிகள் அசையாமல் இருக்கும் என்பதால் மேக்ரோக்காரர்கள் விடியலை விரும்புவார்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப்போனால் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும். துடைத்தால் மீண்டும் பூக்கும், உள்ளேயும் பூத்திருக்கும். லென்ஸைப் பையிலேயே மூடி வெளிச் சூட்டுக்கு வரவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய மேக்ரோ லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இவை எல்லாம் சோதனைப் பட்டியலாகவும் ஆகும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிதறிய தூசிகள் தெரிந்தால் பேரம் பேச உதவும், அவ்வளவுதான். கிளை கிளையாக ஏதாவது தெரிந்தாலோ, ஒரு கண்ணாடி முழுவதும் பால்போல் வெளிறியிருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, எஃப் 16இல் எடுத்த பத்துத் தொடர் படங்களும் ஒரே வெளிச்சத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது தடையோ கரகரப்போ இருந்தால் உள்ளே மணல் போயிருக்கிறது அல்லது எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. கடைசியாக 1:1 நிலைக்குக் கொண்டுவந்து, லென்ஸைச் செங்குத்தாகக் கீழே பார்க்கப் பிடியுங்கள். நீளும் வகையாக இருந்து, குழல் தன் எடையாலேயே இறங்கத் தொடங்கினால், ஆவணம் படியெடுக்கவும் ஃபிலிமைக் கணினிக்கு மாற்றவும் அது உதவாது. சரிசெய்யும் கூலியையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.